தரை மட்டும் மிஞ்சிய முகாம்

கட்டடம் இடிப்பவர்கள் பெரும்பாலும் தரையைப் பெயர்ப்பதில்லை. மரச்சட்டம், தகரம், குழாய், கம்பி எல்லாம் விலைக்குப் போகும். மண்ணோடு கெட்டிப்பட்டுக் கிடக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்தால் கூலிதான் நஷ்டம். தெற்குக் கலிபோர்னியாவின் இம்பீரியல் மாவட்டத்தில், நைலண்ட் என்ற சிற்றூருக்குச் சற்று வெளியே இருந்த டன்லப் முகாமைக் கழற்றியவர்களும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும். 1956-க்குள் முகாமின் கட்டடங்கள் அத்தனையும் போய்விட்டன. தரைகள் கிடந்தன. அவற்றை இணைத்த சாலைகள், வாசலில் ஒரு காவல் கூண்டு, தண்ணீர்த் தொட்டிகள், வறண்ட நீச்சல் குளம் ஆகியவையும் கிடந்தன. அந்தத் தரைகளின்மேல் கேரவனை நிறுத்திக் குடியிருக்கத் தொடங்கியவர்களின் ஊர்தான் ஸ்லாப் சிட்டி. ஸ்லாப் என்றால் கான்கிரீட் தளம். அங்கே வசிப்பவர்கள் ‘ஸ்லாப்ஸ்’ என்று மட்டும் சொல்வார்கள்.

இந்த ஊருக்கு வரி கிடையாது, வாடகை கிடையாது. குழாய்த் தண்ணீர், மின் இணைப்பு, கழிவுநீர்க் குழாய், குப்பை வண்டி எதுவும் கிடையாது. நகராட்சியும் இல்லை, தேர்தலும் இல்லை. ‘அமெரிக்காவின் கடைசிச் சுதந்திர பூமி’ என்ற பட்டப்பெயரை அங்குள்ளவர்களே வைத்துக்கொண்டார்கள். வந்துபோகும் பத்திரிகையாளர்களும் படக்காரர்களும் அதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் சந்தேகம் உண்டு. ஸ்லாப் சிட்டி அரசுக்கு வெளியே முளைத்த ஊர் என்று சொல்வதற்கில்லை. அரசு அளந்து போட்ட சதுரத்துக்குள், அரசு ஊற்றிய கான்கிரீட்டின்மேல், அரசின் கணக்குப் புத்தகத்தில் லாபமும் காட்டாமல் செலவும் கேட்காமல் ஒதுங்கிக் கிடந்ததால் பிழைத்துவரும் ஊர் அது. அதன் கதையை நிலப் பதிவேட்டிலிருந்து படித்தால் வேறு விதமாகத் தெரிகிறது.

முதலில் முகாம். பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து பத்தே மாதத்தில், 1942 அக்டோபரில், அமெரிக்க மரீன் படை இங்கே பயிற்சி முகாமைத் திறந்தது. பீரங்கிப் பயிற்சிக்கு வெகுதூரம் ஆளில்லாத நிலம் வேண்டும். ஆண்டுக்கு எழுபது, எண்பது மில்லிமீட்டர் மழை பெய்வதே அதிகம் என்ற கொலராடோ பாலைவனம் அதற்கு வாகாக இருந்தது. முகாமுக்குப் பெயர் தந்தவர் பிரிகேடியர் ஜெனரல் ராபர்ட் ஹென்றி டன்லப். முதல் உலகப் போரில் பீரங்கிப் படைக்குத் தலைமை தாங்கியவர். அவர் இறந்தது போரில் அல்ல. 1931-இல் பிரான்சில் படிக்கப் போயிருந்தபோது, மண்சரிவில் சிக்கிய ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய் மண்ணுக்குள் புதைந்தார். பேர் வைத்தவர்களுக்கு அவருடைய பீரங்கி அனுபவம் முக்கியமாகப் பட்டிருக்கலாம். எனக்கு அந்த மண்சரிவுதான் நினைவில் நிற்கிறது.

அந்த ஆண்டுகளில் இந்த வட்டாரம் முழுவதுமே போர் ஒத்திகைக் களமாக இருந்தது. வடக்கே, டாங்கிப் போர் பழகுவதற்காக ஜெனரல் பேட்டன் 1942-இல் மாபெரும் பாலைவனப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். மேற்கே சால்டன் ஏரிக் கரையில் கடற்படையின் சோதனைத் தளம் ஒன்று இருந்தது. ஹிரோஷிமாவுக்கு அணுகுண்டு கொண்டுபோன 509-ஆவது விமானப் பிரிவு, அதற்கு முன் அந்த ஏரியில்தான் போலிக் குண்டுகளைப் போட்டுப் பழகியது. அந்த ஏரியே ஒரு விபத்தின் பிள்ளை: 1905-இல் கொலராடோ ஆற்றின் பாசனக் கால்வாய் உடைத்துக்கொண்டு, 1907-இல் அடைக்கப்படும்வரை, கடல் மட்டத்துக்குக் கீழே கிடந்த பள்ளத்தில் ஆறு முழுவதும் பாய்ந்து தேங்கிய நீர்.

போர் முடிந்தது, முகாமில் ஆட்கள் குறைந்தார்கள், பிறகு கட்டடங்கள் போயின. 1961-இல் பாதுகாப்புத் துறை இந்த நிலம் இனி வேண்டாமென்று முடிவுசெய்து, கலிபோர்னிய மாநிலத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. மாநிலத்தின் கைக்கு நிலம் எந்தத் தலைப்பில் வந்தது என்பதுதான் ஸ்லாப் சிட்டியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிப்போகும் இடம். என் பார்வையில் ஊரின் உயிர்நாடியே அங்குதான் இருக்கிறது.

அமெரிக்கா தன் மேற்கு நிலங்களை, 1785-ஆம் ஆண்டு நில ஆணையில் தொடங்கிய முறைப்படி, சதுரம் சதுரமாக அளந்தது. ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்டது ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகள். வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி, ஏர் மாடு சால் முடிந்து திரும்புவதுபோல ஒரு வரிசை மேற்கே போய் அடுத்த வரிசை கிழக்கே திரும்பி, தென்கிழக்கு மூலையில் 36-இல் முடியும். மலையா, மணலா, ஆறா என்று அந்தச் சதுரங்கள் பார்ப்பதில்லை. ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16-ஆம் பகுதி பள்ளிக்கூடங்களுக்கு என்று முதல் ஆணையே ஒதுக்கியது. அந்த நிலத்தை விற்றோ குத்தகைக்கு விட்டோ வரும் பணத்தில் கல்வி நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மேற்கே போகப்போக நிலம் வறண்டது. ஒரு பகுதி போதாமல் 36-ஆம் பகுதியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1853-இல் நாடாளுமன்றம் கலிபோர்னியாவுக்கு இந்த இரண்டையும் வழங்கியது. மொத்தம் சுமார் 55 லட்சம் ஏக்கர். நல்ல நிலமெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விற்றுத் தீர்ந்தது. இன்று மாநிலத்தின் கையில் முழு உரிமையோடு இருப்பது ஐந்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. பெரும்பாலும் யாரும் வாங்க முன்வராத பாலைவனத் துண்டுகள். ஸ்லாப் சிட்டி இருப்பது அப்படிப்பட்ட ஒரு 36-ஆம் பகுதியில்.

1984-இல் வந்த ஒரு சட்டம், பள்ளி நிலங்களின் வருமானம் மாநில ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்குச் சேர வேண்டும் என்று வகுத்தது. நிலத்தைப் பார்த்துக்கொள்வது மாநில நில ஆணையம். ஆக, யாருக்கும் சொந்தமில்லாத பூமி என்று ஊரார் சொல்லிக்கொள்ளும் இடத்துக்கு மிகத் திட்டமான உடைமையாளர் இருக்கிறார். பயனாளிகள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அனுபவப் பாத்தியம் கேட்க முடியாது. அரசு நிலத்தின்மேல் அந்த வாதம் செல்லாது என்று கலிபோர்னிய சிவில் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. நம் ஊரில் புறம்போக்கில் வீடு கட்டியவர்களுக்கு, என்றாவது ஒரு தேர்தல் ஆண்டில் பட்டா வந்துவிடும் என்ற நம்பிக்கையாவது உண்டு. ஸ்லாப்ஸில் அதுவும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் அத்துமீறி நுழைந்தவர்.

யார் முதலில் வந்தார்கள் என்பதற்கு ஊரில் பல கதைகள் இருக்கின்றன. கிரியோசோட் புதரின் இலையைப் பறிக்க வந்த கூலிகள் வண்டி வீடுகளோடு தங்கினார்கள் என்பது ஒன்று. வேறு இடங்களிலிருந்து துரத்தப்பட்ட நாடோடி முகாம்காரர்கள் ஒதுங்கினார்கள் என்பது இன்னொன்று. எப்படியானாலும் வண்டியை நிறுத்துவதற்குச் சமமான, கெட்டியான தளம்தான் அவர்களை இழுத்தது. மணலில் சக்கரம் புதையும், கான்கிரீட்டில் புதையாது. கட்டடக்கலைப் பேராசிரியர் சார்லி ஹெய்லி, புகைப்படக் கலைஞர் டோனோவன் வைலியோடு சேர்ந்து 2018-இல் ஸ்லாப் சிட்டியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முகாமின் பழைய வரைபடத்தையும் இன்றைய குடியிருப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நினைத்துப் பார்க்க அந்த நூல் தூண்டுகிறது. படைவீரர்கள் நடந்த சாலைகளே இன்றைய தெருக்கள். நைலண்டிலிருந்து வரும் பீல் சாலையே முக்கிய வீதி. காவல் கூண்டு வண்ணம் பூசப்பட்டு வரவேற்புப் பலகையாகிவிட்டது. நீச்சல் குளத்தில் இளைஞர்கள் சக்கரப் பலகையில் சறுக்குகிறார்கள். ஒழுங்கு வேண்டாமென்று வந்தவர்கள் இராணுவப் பொறியாளர் கிழித்த கோட்டின்மேல்தான் நடமாடுகிறார்கள்.

ஊரின் ஆண்டு இரண்டாகப் பிரியும். அக்டோபர் முடிந்தால், கனடாவிலிருந்தும் பனி விழும் வட மாநிலங்களிலிருந்தும் ஓய்வூதியக்காரர்கள் கேரவன்களில் வந்து இறங்குவார்கள். ‘பனிப்பறவைகள்’ என்று இவர்களுக்குப் பெயர். குளிர்காலத்தில் மக்கள்தொகை ஆயிரங்களைத் தொட்ட காலங்கள் உண்டு. சனிக்கிழமை இரவுகளில் திறந்தவெளி மேடையில் பாட்டுக் கச்சேரி. யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம். நன்கொடைப் புத்தகங்களால் ஆன நூலகம் ஒன்றும் உண்டு. ஏப்ரலில் வண்டிகள் வடக்கே கிளம்பிவிடும். பிறகு வெயில் 48, 49 பாகை செல்சியஸுக்கு ஏறும். மிஞ்சுவது நூற்றுச் சொச்சம் பேர். போக வேறு இடம் இல்லாதவர்கள் இவர்கள். பத்திரிகைக் கட்டுரைகளில் வரும் சுதந்திர பூமி குளிர்கால ஊர்; கோடையில் அங்கே இருப்பது வறுமை. ஊனமுற்றோர் உதவித்தொகையிலோ ராணுவ ஓய்வூதியத்திலோ காலம் தள்ளுபவர்கள், போதையில் சிக்கியவர்கள், வாடகை கட்ட முடியாமல் நகரத்திலிருந்து வெளியேறியவர்கள். 2023 கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் வீடற்றவர்கள் 1,80,000-க்கும் மேல். அவர்களில் சிலருக்கு இந்தக் கான்கிரீட் கிடைத்திருக்கிறது என்று சொன்னாலும் தவறில்லை.

தண்ணீர் விஷயம் விசித்திரமானது. ஊரின் ஓரத்தை ஒட்டி கோச்செல்லா கால்வாய் ஓடுகிறது. கொலராடோ ஆற்று நீரை ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் சுமந்து போய் வடக்கே பேரீச்சந் தோப்புகளுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் கொடுக்கும் கால்வாய். அதில் ஒரு சொட்டுக்கும் இவர்களுக்கு உரிமை இல்லை. குடிக்கும் நீரை நைலண்டிலிருந்து பீப்பாயில் கொண்டுவர வேண்டும். மின்சாரத்துக்குச் சூரியத் தகடும் பழைய பேட்டரிகளும், வசதியானவர்களிடம் ஜெனரேட்டர். கழிவுக்குக் குழி. அருகிலுள்ள வெந்நீர் ஊற்றில் குளிப்பவர்களும் உண்டு.

உடைமை இல்லாத இடத்தில் எல்லை எப்படி உண்டாகிறது என்பதை ஆராய்வோருக்கு ஸ்லாப்ஸ் நல்ல களம். வண்டியை நிறுத்தியவர் சுற்றிலும் பழைய டயர்களையும் மரப்பலகைகளையும் கற்களையும் அடுக்கி ஒரு வட்டம் போடுகிறார். கேட்காமல் அந்த வட்டத்துக்குள் இன்னொருவர் கால் வைக்கக் கூடாது. விட்டுப்போகும்போது அதைப் பணத்துக்குக் கைமாற்றுவதும் நடக்கிறது. பத்திரமில்லாத விற்பனை, சாட்சி அக்கம்பக்கத்தார். திருடனுக்குத் தண்டனை? காவல்துறையைக் கூப்பிடுவது கடைசி வழி. முகாமைக் கொளுத்தித் துரத்திவிடும் வழக்கத்தைப் பற்றிப் பல செய்திகள் வந்திருக்கின்றன. வாரியமும் நீதிமன்றமும் இல்லாத ஊரின் நீதி இப்படித்தான் இருக்கும். இதை விடுதலை என்று கொண்டாட என்னால் முடியவில்லை. சட்டமே இல்லாத இடம் என்ற பேச்சும் சரியில்லை. மாவட்ட ஷெரிஃபின் ஆட்கள் வருகிறார்கள். மாநிலத்தின் குற்றவியல் சட்டங்கள் எல்லாம் செல்லும்.

சுற்றுப்புறத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கிழக்கே சாக்லேட் மலைகளில் விமானக் குண்டுவீச்சுப் பயிற்சிக் களம் இன்றும் இயங்குகிறது. கடற்படையின் சீல் அதிரடிப் படையினர் பாலைவனப் போர் பழகும் பில்லி மேச்சன் முகாமும் இதே வட்டாரத்தில்தான். இரவில் குண்டு வெடித்தால் ஸ்லாப்ஸில் கேரவன்கள் அதிரும். தடைசெய்யப்பட்ட களத்துக்குள் நுழைந்து குண்டுகளின் பித்தளையையும் அலுமினியத்தையும் பொறுக்கி விற்று, உயிரைப் பணயம் வைத்துப் பிழைத்தவர்கள் உண்டு. நெடுஞ்சாலை 111-இல் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி. தெற்கே கலிபாட்ரியாவில் 1992-இல் திறந்த மாநிலச் சிறை. (அந்த ஊரே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, கொடி மட்டுமாவது கடல் மட்டத்தில் பறக்கட்டும் என்று 184 அடி உயரத்துக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள்.) குண்டுக் களம், எல்லைச் சாவடி, சிறை ஆகிய மூன்றுக்கும் நடுவே கிடக்கிறது கடைசிச் சுதந்திர பூமி. முன்னாள் இராணுவத் தளம் என்று நாம் சொல்கிறோம். இராணுவம் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஊரின் வாசலில் நிற்கும் சால்வேஷன் மலையைச் சொல்லாமல் போக முடியாது. வெர்மாண்ட் மாநிலத்துக்காரரான லெனார்ட் நைட் (1931–2014), கடவுளின் அன்பைச் சொல்லும் ஒரு வெப்பக் காற்று பலூனைப் பறக்கவிட ஆண்டுக்கணக்கில் முயன்று தோற்றவர். 1984-இல் இங்கே வந்து, ஒரு வாரத்தில் சின்னதாக ஒரு நினைவுச் சின்னம் கட்டிவிட்டுப் போகலாம் என்று தொடங்கினார். சிமெண்ட் குறைவாகவும் மணல் கூடுதலாகவும் கலந்ததால் முதல் மலை சில ஆண்டுகளில் சரிந்தது. அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து மறுபடி கட்டினார். ஐம்பது அடி உயரம், மேலே சிலுவை, கீழே ‘கடவுள் அன்பே’ என்ற பெரிய எழுத்துகள், வருகிறவர்கள் கொடுத்த பெயிண்ட் அடுக்கடுக்காக. ஒரு பழைய லாரியில் மின்சாரமில்லாமல் வாழ்ந்தார்.

1994-இல் மாவட்ட நிர்வாகம், பெயிண்டிலிருந்து ஈயம் மண்ணில் கலந்துவிட்டது, மலையை அகற்ற வேண்டும் என்று கிளம்பியது. நைட்டின் நண்பர்கள் மண்ணைத் தனியே சோதித்து அதை மறுத்தார்கள், கையெழுத்து இயக்கம் நடந்தது, மலை தப்பியது. 2000-இல் அமெரிக்க நாட்டார் கலைச் சங்கம் அதைப் பாதுகாக்க வேண்டிய கலைத்தலம் என்று அறிவித்தது. 2002-இல் செனட்டர் பார்பரா பாக்ஸர் நாடாளுமன்றப் பதிவேட்டிலேயே அதைத் தேசியப் பொக்கிஷம் என்று சேர்த்தார். ஷான் பென் இயக்கி 2007-இல் வந்த ‘இன்டு த வைல்ட்’ படத்தில் நைட் தம் சொந்தப் பாத்திரத்திலேயே தோன்றினார். எட்டே ஆண்டில் நச்சுக் கழிவு தேசியப் பொக்கிஷமானது. மண்ணும் மாறவில்லை, பெயிண்டும் மாறவில்லை. ஆக்கிரமிப்பு நிலத்தில் ஒரு பொருளுக்குப் பாதுகாப்பு கிடைப்பது உரிமையால் அல்ல, புகழால் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அந்த மலையில் உதவ வந்த சார்லி ரஸ்ஸல் 2007-இல் தொடங்கிய ‘ஈஸ்ட் ஜீசஸ்’ என்ற கலைக்கூடத்தின் பெயரில்தான் ஏசு இருக்கிறார், மதம் இல்லை. டயர், பாட்டில், கெட்டுப்போன தொலைக்காட்சிப் பெட்டி, தகரம் என்று குப்பையிலிருந்தே சிற்பங்கள். ரஸ்ஸல் 2011-இல் இறந்தபின் ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது.

இந்த இடத்தில்தான் ஊருக்குள் பிளவு வருகிறது. 2010-களின் நடுவில், 36-ஆம் பகுதியைத் துண்டு போட்டு விற்பது பற்றி நில ஆணையம் ஆலோசித்தது. சால்வேஷன் மலையும் ஈஸ்ட் ஜீசஸும் தங்கள் துண்டை வாங்க முனைந்தன. அமைப்பு இருந்தது, பெயர் இருந்தது, நன்கொடை கேட்க முடிந்தது. மிச்ச ஊரை என்ன செய்வது? குடியிருப்பாளர்களில் ஒரு சாரார் குழு அமைத்து, வேறு யாரோ வாங்குவதற்கு முன் நாமே வாங்குவோம் என்றார்கள். மறு சாரார், வாங்கினால் வரி வரும், கட்டட விதி வரும், செப்டிக் டேங்க் வரும், குழுவுக்குத் தலைவர் வருவார், பிறகு இது ஸ்லாப்ஸாக இருக்காது என்றார்கள். இரண்டு தரப்பும் சொன்னதில் உண்மை இருந்தது.

வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க கோபன்ஹேகனுக்குப் போகலாம். அங்கும் கைவிடப்பட்ட ஒரு படைக் குடியிருப்புத்தான். 1971-இல் வேலியை உடைத்து உள்ளே போனவர்கள் கிறிஸ்டியானியா என்ற சுதந்திர நகரத்தை அறிவித்தார்கள்; 34 ஹெக்டேரில் இன்று ஆயிரம் பேர் அளவில் வாழ்கிறார்கள். நாற்பது ஆண்டுச் சண்டைக்குப் பின் 2011-இல் டென்மார்க் அரசோடு உடன்பாடு. 2012-இல் ஓர் அறக்கட்டளை வழியாக நிலத்தைச் சந்தை விலைக்கும் குறைவாக வாங்கத் தொடங்கினார்கள். தனியார் யாருக்கும் வீடு சொந்தமில்லை, விற்கவும் முடியாது. பதிலுக்கு வங்கிக் கடன், மாதச் செலுத்துகை, கட்டட அனுமதி, அரசு கேட்ட புதிய குடியிருப்புகள் எல்லாம் வந்தன. 2024-இல் போதைப்பொருள் விற்பனைக்குப் பேர்போன தெருவின் கற்களைக் குடியிருப்பாளர்களே பெயர்த்தார்கள். பழைய கலகக்காரர்களுக்கு இது தோல்வியாகத் தெரியலாம். ஆனால் கிறிஸ்டியானியா இருக்கிறது. நாளை காலையிலும் இருக்கும் என்று சொல்ல முடிகிறது. தலைநகரின் நடுவே விலைமதிப்புள்ள நிலம் என்பதால் அதைக் காப்பாற்ற அவர்கள் அமைப்பாக வேண்டியிருந்தது. ஸ்லாப்ஸுக்கு அந்தக் கட்டாயம் நேரவே இல்லை. விலையில்லா நிலமே அதன் வேலியாக இருந்தது.

அந்த வேலி இப்போது ஆட்டம் காண்கிறது. சால்டன் ஏரியின் தென்கரையில் பூமியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் 1980-களிலிருந்தே உண்டு. அவை மேலே கொண்டுவரும் உப்பு நீரில் லித்தியம் ஏராளம். 2023-இல் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் கணிப்பு, மொத்த வளம் 37 கோடியே 50 லட்சம் மின்வாகனங்களின் பேட்டரிக்குக் காணும் என்றது. ‘லித்தியம் பள்ளத்தாக்கு’ என்று அதிகாரிகள் மாவட்டத்துக்குப் புதுப் பெயர் சூட்டிவிட்டார்கள். ஸ்லாப்ஸுக்கு அடியில் லித்தியம் இருக்க வேண்டியதில்லை. அருகே தொழிற்சாலையும் சாலையும் தொழிலாளர் குடியிருப்பும் வந்தாலே ஒரு சதுர மைல் சமநிலத்துக்கு விலை வந்துவிடும். இன்னொரு பக்கம், பொது இடத்தில் படுத்துறங்குவதைத் தண்டிக்க நகரங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, மாநில நிலங்களில் உள்ள வீடற்றோர் முகாம்களை அகற்றும்படி ஆளுநர் நியூசம் தன் கீழுள்ள துறைகளுக்கு ஆணையிட்டார். ஸ்லாப் சிட்டியின் பெயர் அந்த ஆணையில் இல்லை. ஆனால் மாநில நிலத்தில் அனுமதியின்றி இருப்பவர்களைப் பற்றி மாநிலம் எப்படி நினைக்கத் தொடங்கியிருக்கிறது என்பது அதில் இருக்கிறது.

என் தீர்ப்பு இது: சும்மா விட்டுவிடுங்கள் என்ற கோரிக்கைக்கு இனி அதிக ஆயுள் இல்லை. தனித்தனியாக விற்பதும் கூடாது. புகழுள்ள சிலையும் மலையும் தப்பிக்கும், கோடையில் அங்கேயே கிடப்பவர்கள் வெளியேற்றப்படுவார்கள். ஊர் முழுவதையும் ஒரே அறக்கட்டளைக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டு, பெயரளவில் ஒரு தொகையை ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்குக் கட்டவைப்பதே பள்ளி நிலத்தின் நோக்கத்துக்கும் அங்கே வாழ்பவர்களுக்கும் ஓரளவு நியாயம் செய்யும். எதைச் செய்தாலும் அது நடக்கப்போவது பாலைவனத்தில் அல்ல. மாநில நில ஆணையத்தில் உறுப்பினர்கள் மூன்று பேர்: துணை ஆளுநர், மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர், நிதித் துறை இயக்குநர். தீர்மானம் நிறைவேற அவர்களில் இருவரின் வாக்கு போதும்.